ரீப்பர் 7: சொந்தத் தெருவின் விடியலைக் கட்டிப் பழகுபவருக்கு எப்படி?

ஒலி எடிட்டிங் கற்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான். எதைச் செய்து பழகுவது என்று கேட்பவர்கள் குறைவு. பாட்டு மிக்ஸ் செய்து பழகினால் நன்றாக வந்திருக்கிறதா என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம் வரும். அதற்குப் பதிலாக, குடியிருக்கும் தெருவின் காலை ஐந்தரை மணியை மூன்று நிமிட சவுண்ட்ஸ்கேப்பாக, அதாவது ஓர் இடத்தின் ஒலிச்சித்திரமாகக் கட்டிப் பாருங்கள். வாசல் தெளிக்கும் சத்தம், பெருக்கும் சத்தம், குயில், தூரத்துக் கோயில் ஸ்பீக்கர், பக்கத்து வீட்டுக் குக்கர், முக்குத் திரும்பும் முதல் பஸ். இதில் எங்கே பொய் கலந்தாலும் உங்கள் காது பிடித்துவிடும். அந்தத் தெரு எப்படிக் கேட்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூரம், இடம், அசைவு, அடுக்கு என ஒலி வடிவமைப்பின் அடிப்படைகள் எல்லாமே இந்த ஒரு வேலைக்குள் அடங்கிவிடுகின்றன.

அந்த வேலையை வைத்தே ரீப்பர் 7 என்ற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரை இங்கே எடைபோடுகிறோம். மிடி, வீடியோ, பாட்டு ரெக்கார்டிங் வசதிகளைப் பற்றி இதில் பேச்சில்லை.

ரீப்பரைத் தயாரிப்பது காக்கோஸ் என்ற சிறு நிறுவனம். வினாம்ப் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதற்கும் பின்னால் இருப்பவர். 7-ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸ் இன்ஸ்டாலர் 20 எம்பியைக்கூடத் தொடாது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பிலும் இந்த வேலைக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டு ட்ராக்குகள் சிரமமில்லாமல் ஓடும். 60 நாள் வரை எந்த வசதியும் பூட்டப்படாமல் இலவசமாகப் பயன்படுத்தலாம். கற்பவருக்கு இதன் பெரிய பலம், மூலக் கோப்பை அது தொடுவதே இல்லை என்பது. வெட்டினாலும் இழுத்தாலும் சுருதியை மாற்றினாலும் அவை வெறும் குறிப்புகளாகவே ப்ராஜெக்ட் ஃபைலில் இருக்கும். பத்து நாள் கழித்துத் திறந்து, அன்றைக்கு வெட்டிய ஓரத்தை இழுத்தால் மறைந்த பகுதி திரும்ப வந்துவிடும். கெட்டுப்போய்விடுமோ என்ற பயமில்லாமல் தாறுமாறாகச் சோதித்துப் பார்க்கலாம். ஆரம்பத்தில் வேண்டியதும் அதுதான்.

பதிவு சரியில்லை என்றால் ரீப்பரால் ஒன்றும் செய்ய முடியாது

போனில் பதிவு செய்து தொடங்குவது தவறில்லை. ஆனால் ஆண்ட்ராய்ட் போன்களில் கூடவே வரும் ரெக்கார்டர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. விடாமல் கேட்கும் மெல்லிய சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். விடியற்காலையின் உயிரே அந்த மெல்லிய சத்தம்தான். லெவலைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயின் இன்னும் மோசம். பக்கத்தில் காகம் கத்தியதும் மொத்தச் சத்தமும் சட்டென்று தாழும், பிறகு இரண்டு மூன்று நொடியில் மெல்ல மேலேறும். இந்த ஏற்ற இறக்கம் ஒருமுறை பதிவாகிவிட்டால் அதை நிமிர்த்த வழி கிடையாது. வேவ் ஃபைலாகச் சேமிக்கிற, ஆட்டோ கெயினையும் நாய்ஸ் சப்ரஷனையும் அணைக்க விடுகிற ஒரு ஆப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் செட்டிங்ஸில் ஆடியோ குவாலிட்டியை லாஸ்லெஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தனி ரெக்கார்டர் வாங்க முடிந்தால் ஜூம் எச்1 எசென்ஷியல் இந்த வேலைக்கு அளவானது. இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும், 32 பிட் ஃப்ளோட்டில் பதியும். லெவல் வைக்கும் வேலையே இல்லை என்பதால் குக்கர் விசிலையும் கோலமாவு உதிரும் சத்தத்தையும் ஒரே மூச்சில் பதியலாம். 24 பிட் கருவி என்றால் மிகப்பெரிய சத்தம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி லெவல் வையுங்கள். குக்கருக்கு லெவல் பார்க்கும்போது வெயிட் மேலெழும் நொடியை வைத்துப் பார்க்க வேண்டும்; அதற்கு முன்னால் வரும் உஸ் சத்தத்தை நம்பி வைத்தால் விசிலின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட ஒலியைச் சரிசெய்யும் கருவி ரீப்பரோடு வருவதில்லை.

காற்றுக்கு ரோமக் கவசம் கட்டாயம். வெறும் ஸ்பாஞ்சு மொட்டைமாடிக் காற்றுக்குத் தாங்காது. கையில் பிடித்துப் பதியாதீர்கள், விரல் நகர்வது இடி மாதிரி விழும். மாடிக் கைப்பிடிச் சுவரில் துண்டை நான்காக மடித்துப் போட்டு அதன் மேல் வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். அடித்தளச் சத்தம், அதாவது எல்லாவற்றுக்கும் பின்னால் விடாமல் ஓடும் தெருவின் பொதுச் சத்தம், குறைந்தது ஐந்து நிமிடம் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு சுமார் 17 எம்பி ஆகும், பயப்படுகிற அளவில்லை. பதிவு செய்த ஒவ்வொரு இடத்திலும் குறிப்பாக எதுவும் நடக்காத ஒரு நிமிடத்தைத் தனியாகப் பதிந்து வையுங்கள். ஒட்டுப்போடும்போது அந்த ஒரு நிமிடம்தான் காப்பாற்றும்.

இன்னொன்று: ஸ்பீக்கரில் ஓடும் பக்திப் பாட்டோ டீக்கடையில் ஓடும் சினிமாப் பாட்டோ தெளிவாகப் பதிவாகியிருந்தால், யூடியூபில் ஏற்றியதும் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்க வாய்ப்பு அதிகம். வீட்டோடு வைத்துக்கொள்வதானால் பிரச்சினையில்லை. வெளியிடுவதானால் நாதஸ்வரமோ மணியோ நேரடியாக ஒலிக்கிற நேரத்தைப் பார்த்துப் பதியுங்கள்.

முதல் பத்து நிமிடம்

ரீப்பரைத் திறந்ததும் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தி, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) 48000 என்று டிக் செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் ரீப்பர் சவுண்ட் கார்டின் ரேட்டைப் பின்பற்றும். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கும் சேர்ந்து இயங்கினால் அந்த ரேட் 16000-க்கு இறங்கி, எல்லாம் போன் பேசுவதுபோலக் கேட்கும். சாஃப்ட்வேரைத்தான் பலர் சந்தேகிப்பார்கள்; குற்றவாளி ஹெட்செட். இந்த வேலைக்கு ஒயர் உள்ள ஹெட்ஃபோன்தான் சரி.

அடுத்தது சேமிப்பது. சேவ் ஆஸ் பெட்டியின் அடியில், ப்ராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்கவும், மீடியா ஃபைல்களை அதற்குள் காப்பி செய்யவும் இரண்டு டிக் பெட்டிகள் இருக்கின்றன. இரண்டையும் போடுங்கள். ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்பு. ஒலி அதற்குள் இல்லை, எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து நேராக இழுத்துப் போட்டு வேலை பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அந்த ஃபோல்டரைச் சுத்தம் செய்தால் ப்ராஜெக்ட் காலி. புதிதாக வருபவர்கள் அதிகம் பறிகொடுப்பது இங்கேதான். இந்த டிக்குகள் தானாகவே விழுந்திருக்கும்படி காக்கோஸ் செய்திருக்கலாம்.

எந்த ஒலிகளைச் சேர்ப்பது என்பதற்குக் கனடிய இசையமைப்பாளர் ஆர். மர்ரே ஷேஃபர் வகுத்த பிரிவு இன்றைக்கும் உதவும். வான்கூவரை அடுத்த சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஊர்களின் ஒலிகளைப் பதிந்து ஆராய்ந்த குழுவைத் தொடங்கியவர் அவர். எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருப்பது ஒன்று, கவனத்தை இழுப்பது இன்னொன்று, அந்த இடத்துக்கே உரிய அடையாளம் மூன்றாவது. தெருவுக்குப் பொருத்தினால் பூச்சிகளும் தூரத்து நெடுஞ்சாலையும் முதல் வகை, குக்கரும் சைக்கிள் மணியும் இரண்டாவது, உங்கள் ஊர்க் கோயில் மணியோ மில் சங்கோ மூன்றாவது. ஒலிகளைத் தேர்ந்தெடுக்க இந்தப் பிரிவு போதும். ட்ராக்குகளை அடுக்க மட்டும் இதைப் பின்பற்ற வேண்டாம். அவற்றை அருகே, நடுவே, தூரத்தில் என்று மூன்று ஃபோல்டர் ட்ராக்குகளின் கீழ் வையுங்கள். ட்ராக் பேனலில் இருக்கும் ஃபோல்டர் பட்டனை அழுத்தினால் அடுத்த ட்ராக்குகள் அதன் கீழ் போய்விடும். தூரத்துக்கான இக்யூவையும் (அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) எதிரொலியையும் ஃபோல்டரில் ஒருமுறை போட்டால் அதிலுள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். ட்ராக் ரௌட்டிங் இவ்வளவு வெளிப்படையாக இருப்பது ரீப்பரின் தனிச்சிறப்பு. எந்த ஒலி எதன் வழியாகப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

கன்ட்ரோலும் டியும் புது ட்ராக், எஸ் வெட்டும், வி வால்யூம் கோட்டைக் காட்டும், டேப் ஒலி சட்டென்று எழும் அடுத்த இடத்துக்குத் தாவும். ஆல்ட் அழுத்தி ஓரத்தை இழுத்தால் ஒலி நீளும், நடுவில் இழுத்தால் துண்டு அதே இடத்தில் நிற்க உள்ளே இருக்கும் ஒலி நகரும். முதல் வாரத்துக்கு இவை போதும்.

ஒரே காகம் திரும்பத் திரும்பக் கத்தினால்

அடித்தளச் சத்தத்தில்தான் வேலை அதிகம். 40 நொடித் துண்டை நீட்டி ஓடவிட்டால் இரண்டாம் சுற்றிலேயே அதே காகம் அதே இடத்தில் கத்துவது தெரிந்துவிடும். மூன்றாம் சுற்றில் கேட்பவருக்கு வேறெதுவும் காதில் ஏறாது. முதலில் அந்தத் துண்டில் தனித்துத் தெரியும் சத்தங்களை எல்லாம் வெட்டி எடுத்துத் தனி ட்ராக்குகளில் போடுங்கள். வெட்டிய பள்ளத்தை முன்பு சொன்ன அந்த ஒரு நிமிட வெறும் சத்தத்தால் நிரப்புங்கள். பிறகு ஒரே நீளத் துண்டைப் பயன்படுத்தாமல், 47 நொடி ஒன்றும் 71 நொடி ஒன்றுமாக இரண்டு ட்ராக்கில் ஓடவிடுங்கள். இவை இரண்டும் மறுபடி ஒரே புள்ளியில் சேர்ந்து தொடங்க 3337 நொடி, அதாவது 55 நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்று நிமிடத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ரீப்பரில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐட்டத்தின் (ட்ராக்கில் இருக்கும் ஒலித்துண்டின்) வலது ஓரத்தை இழுத்தால் அது தானாகவே மறுசுற்று ஓடும், சேரும் இடத்தில் சின்ன வெட்டுக்குறி தெரியும். சுலபம்தான், ஆனால் அந்த இணைப்பில் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றொன்று ஏறும் கலப்பு) எதுவும் கிடையாது. ஒரு டிக் சத்தமோ, பின்னணி சட்டென்று மாறுவதோ கேட்கும். எனவே அப்படி இழுக்காமல், கன்ட்ரோல் அழுத்தி இழுத்து நகல் எடுத்து, 3 முதல் 4 நொடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். ஏறிய இடத்தில் கிராஸ்ஃபேட் தானாக விழும். அதன் மேல் வலது கிளிக் செய்தால் வளைவுகளின் பட்டியல் வரும். நேர்கோட்டு வடிவம் வைத்தால் நடுவில் சத்தம் சுமார் 3 டெசிபல் குழிவிழும், ஏனென்றால் இரண்டு வேறு வேறு பின்னணிகள் ஒன்றோடொன்று அலைக்கு அலை பொருந்துவதில்லை. மேல்நோக்கி வளைந்த ஈக்வல் பவர் வடிவத்தை எடுத்தால் குழி மறையும்.

பெருக்கும் சத்தத்துக்கும் இதே விதி. தென்னந்துடைப்பத்தின் ஒரு இழுப்பை எடுத்துப் பத்து தடவை ஒட்டினால் அது மெஷின். டேப் கீயால் அடி அடியாகத் தாவி ஆறேழு வெவ்வேறு இழுப்புகளைப் பிரித்து, இடைவெளியையும் கொஞ்சம் முன்பின்னாக வையுங்கள். பெருக்குபவர் குனிந்து முன்னேறி வருகிறார், நடுவில் குப்பையைத் தள்ள இரண்டு குட்டை இழுப்பு இழுக்கிறார், பிறகு நிமிர்கிறார். அந்த நிமிரும் இடைவெளி இல்லாவிட்டால் மனிதர் அங்கே இல்லை.

தூரம் என்பது வால்யூம் மட்டுமல்ல

ஆரம்பத்தில் எல்லோரும் தூரத்துக்கு வால்யூமை மட்டும் குறைப்பார்கள். அப்போது கேட்பது பக்கத்தில் மெதுவாக ஒலிக்கும் ஸ்பீக்கர். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது சரிதான். ஆனால் கூடவே மேல் அலைவரிசைகள் தேயும், நேரடி ஒலியைவிட எதிரொலியின் பங்கு கூடும், இடம் வலம் அகலம் சுருங்கும். நான்கையும் சேர்த்துச் செய்தால்தான் காது நம்பும்.

கோயில் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். கூம்பு ஸ்பீக்கர் என்பதால் அடித்தொனியும் உச்சமும் முன்பே கிடையாது. பக்கத்தில் பதிந்த மணியோசையை ரீப்பரோடு வரும் இக்யூவான ரீஇக்யூவில் போட்டு 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை பாஸ், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டும் லோ பாஸ் வையுங்கள். அடுத்து, ஒலியைத் தாமதமாகத் திருப்பி ஒலிக்கும் ரீடிலே. ஒலி நொடிக்கு சுமார் 345 மீட்டர் போகும். 35 மீட்டர் தள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருந்தால் போய்த் திரும்ப 70 மீட்டர், ஆக சுமார் 200 மில்லிசெகண்ட். டிலேயை 200 என்று வைத்து, அந்த எதிரொலி மூலத்தைவிட 14 டெசிபல் கீழே நிற்கட்டும், ஃபீட்பேக் (எதிரொலி மீண்டும் மீண்டும் வருவது) வேண்டாம். இந்த ஒரே ஒரு எதிரொலியில் தெரு கண்முன் விரியும். இதற்குப் பதில் பெரிய ஹால் ரிவர்பைப் போட்டால் தெரு கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

வீட்டுக்குள் நடக்கும் ஒலிகளுக்கு ரீவெர்ப். எந்த அறையின் எதிரொலியையும் பிடித்துப் போடும் கன்வலூஷன் வகை இது, ரீப்பரோடு இலவசமாகவே வருகிறது. உங்கள் சமையலறையில் ஒரு பலூனை வெடித்து, 2 மீட்டர் தள்ளிப் பதியுங்கள். வெடிப்பின் தொடக்கத்தை ஒட்டி வெட்டி வேவாகச் சேமித்து ரீவெர்பில் ஃபைலாகச் சேருங்கள். பிறகு எந்தப் பாத்திரச் சத்தமும் உங்கள் சமையலறையிலேயே நிற்கும். வெட் அளவை (சேரும் எதிரொலியின் அளவை) மைனஸ் 15-இல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். ஏற்கெனவே சமையலறையில் தூரத்திலிருந்து பதிந்த ஒலிக்கு இதைப் போடக் கூடாது, அறைக்குள் அறை வைத்த மாதிரி மங்கிவிடும்.

காப்பி ஆற்றும் சத்தத்தை ஒரு சாண் தூரத்தில் பதிந்து பாருங்கள். டம்ளர் நிறைய நிறைய மேலே மீதமிருக்கும் காற்றின் உயரம் குறைவதால் சுருதி ஏறிக்கொண்டே போகும். டபராவின் வாய் அகலம் என்பதால் அதில் இந்த ஏற்றம் அவ்வளவாகத் தெரியாது. ஆக, டம்ளரில் விழும்போது ஒரு சத்தம், டபராவில் விழும்போது வேறு சத்தம். இடையில் கை தூக்கும் ஒரு மௌனம். மூன்றையும் வரிசை மாற்றாமல் வைத்தால் அது காப்பி என்று சொல்லாமலே தெரியும், மாற்றினால் வெறும் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

கேட்பவர் தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவதாகக் காட்ட, வெளி ஒலிகள் அத்தனையும் இருக்கும் ஃபோல்டரில் ஒரு லோ பாஸ் போட்டு அதன் அலைவரிசையையே நகர்த்த வேண்டும். இக்யூவில் அந்த நாபைத் தொட்டுவிட்டு, மேலே இருக்கும் பாராம் பட்டனில் என்வலப் காட்டு என்று கொடுத்தால் ட்ராக்கின் கீழே கோடு வரும். 2 நொடிக்குள் 18 கிலோஹெர்ட்ஸிலிருந்து கீழே இறக்குங்கள். கதவு மூடிய ஏசி அறை என்றால் ஒன்றரை கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இறக்கி, வால்யூமையும் 10 டெசிபல் குறைக்கலாம். நம் வீடுகளில் ஜன்னல் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதற்கு 6 கிலோஹெர்ட்ஸும் 4 டெசிபலும் போதும். எந்த நாபையும் இப்படிக் கோடாக்கி நகர்த்தலாம் என்பது ஒலி வடிவமைப்புக்கு ரீப்பர் தரும் மிகப்பெரிய சுதந்திரம்.

பஸ்

அசைவைக் காட்ட, ஒலியை இடம் வலமாக நகர்த்தும் பான் கோடு. இங்கே கவனிக்க வேண்டியது, ரீப்பரின் இயல்பான பான் ஸ்டீரியோ பேலன்ஸ் வகை. ஸ்டீரியோவாகப் பதிந்த ஒலியை இடதுபக்கம் திருப்பினால் ஒலி நகராது, வலது பக்கம் மட்டும் அடங்கும். பான் நாபின் மேல் வலது கிளிக் செய்து ஸ்டீரியோ பான் என்று மாற்றுங்கள். அல்லது எஃப்2 அழுத்தி ஐட்டத்தின் சேனல் மோடை மோனோ ஆக்குங்கள். சின்னப் பொருள்களுக்கு மோனோதான் சரி.

நின்றபடி ஹாரன் அடித்த பஸ்ஸை ஓடவைக்க டாப்ளர், அதாவது கடந்துபோகும்போது சுருதி இறங்கும் விளைவு வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோகும் பஸ்ஸின் ஹாரன், வரும்போது இருந்ததைவிடப் போகும்போது ஒரு செமிடோனுக்குச் சற்றே கூடுதலாக இறங்கும். நம் சுருதிக் கணக்கில் சுமார் அரைக் கட்டை. நான்கைந்து செமிடோன் இறக்கினால் அது நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டி, தெருமுக்கில் திரும்பும் டவுன் பஸ் அல்ல. டேக் பிட்ச் என்வலப்பில் (சுருதியை நகர்த்தும் கோட்டில்) முக்கால் நொடிக்குள் இந்த இறக்கத்தை முடியுங்கள். உண்மையிலேயே கடந்துபோன பஸ்ஸைப் பதிந்திருந்தால் அதில் டாப்ளரும் அசைவும் ஏற்கெனவே உண்டு, அதைத் தொட வேண்டாம்.

இரைச்சலை எவ்வளவு எடுப்பது

மின்விசிறி ரெகுலேட்டரும் டியூப் லைட்டும் 50, 100, 150 ஹெர்ட்ஸில் முனகும். ரீஇக்யூவில் மூன்று குறுகிய பேண்டுகளை அந்த இடங்களில் 12 டெசிபல் இறக்கினால் போகும். மற்றபடி எல்லா வெளிப்பதிவுக்கும் 80 ஹெர்ட்ஸில் ஒரு ஹை பாஸ்.

பொதுவான உஸ் சத்தத்துக்கு ரீப்பரோடு வரும் ரீஃபிர். ஐட்டத்தில் போட்டு, மோடை சப்ட்ராக்ட் என்று வைத்து, தானாக நாய்ஸ் ப்ரொஃபைல் எடுக்கும் பெட்டியை டிக் செய்து, இரைச்சல் மட்டும் இருக்கும் ஒரு நொடியை ஓடவிடுங்கள். அதன் பிறகு டிக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் அடுத்து வரும் குயிலையும் அது இரைச்சல் கணக்கில் சேர்த்துக்கொண்டு தின்றுவிடும். எடுத்த வளைவை அப்படியே விடாமல் நான்கைந்து டெசிபல் கீழே இறக்குங்கள். முழுதாக உறிஞ்சினால் மீதமிருப்பது தண்ணீருக்கடியில் பேசும் ஒலி. அடித்தளச் சத்தத்துக்கு இதைப் போடவே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. ஒரு குயிலின் பின்னால் இருக்கும் உஸ், பத்து ட்ராக் சேர்ந்ததும் அடித்தளத்தில் கரைந்துவிடும்.

கிடைக்காத ஒலிகளுக்கு ஃப்ரீசவுண்ட் தளம் இருக்கிறது. பார்சிலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் நடத்துவது. ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் வேறு, பார்த்து எடுங்கள். விடியல் என்று தேடினால் வரும் பல பதிவுகளில் ஐரோப்பியக் கரும்பறவையும் ராபினும் பாடும். நம் தெருவில் அவை இல்லை. குயிலுக்கும் தவிட்டுக்குருவிக்கும் ஸீனோ கேன்டோ தளம் மேல். ஆனால் அங்குள்ள பல பதிவுகளின் உரிமம் மாற்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. வெட்டி ஒட்டுவதும் மாற்றம்தான்.

ரெண்டர்

கட்டியதை ஒரே ஒலிக் கோப்பாக எடுக்க கன்ட்ரோல், ஆல்ட், ஆர். இந்தப் பெட்டி நெரிசலானது, இங்கே மூன்று தப்பு நடக்கும். பவுண்ட்ஸ் என்பதில் முழு ப்ராஜெக்ட் என்று விட்டால், கடைசியில் எங்கோ மறந்துபோன ஒரு துண்டு வரை ரெண்டர் ஆகி, மூன்று நிமிடப் படைப்புக்குப் பின் ஒன்பது நிமிட மௌனம் சேரும். டைம் செலக்ஷன் வைத்துக்கொள்ளுங்கள். டெயில் பெட்டியை டிக் செய்யாவிட்டால் கடைசி எதிரொலி கத்தி வைத்த மாதிரி அறுந்து நிற்கும். 2000 மில்லிசெகண்ட் கொடுங்கள். மூன்றாவது, மொத்தச் சத்த அளவை நிர்ணயிக்கும் நார்மலைஸ். யூடியூப் அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்று கேள்விப்பட்டு அதையே இங்கும் வைப்பார்கள். விடியற்காலைக்கு அது பகைமை. அடித்தளத்து உஸ் முன்னுக்கு வந்து, மௌனத்துக்கும் குக்கருக்கும் இருந்த இடைவெளி போய்விடும். மைனஸ் 20 லஃப்ஸ், ட்ரூ பீக் மைனஸ் 1 என்று வைத்தால் ஹெட்ஃபோனில் சரியாக இருக்கும். 24 பிட் வேவாக ஒரு மூலப்பிரதி, அதிலிருந்து அனுப்ப ஒரு எம்பி3. வாட்ஸாப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ரெண்டருக்கு முன் மாஸ்டரில் இருக்கும் மோனோ பட்டனை ஒருமுறை அழுத்திக் கேளுங்கள். ஏதாவது ஒலி காணாமல் போனால் அதன் இரண்டு சேனல்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று அர்த்தம்.

எங்கே சறுக்குகிறது

ரீப்பர் எதையும் கற்றுத்தராது. திறந்ததும் சாம்பல் நிற வெற்றுத் திரை. எங்கே வலது கிளிக் செய்தாலும் திரை நீளத்துக்கு மெனு. ஒலி நூலகம் ஒன்றும் கூட வராது. இக்யூவும் கம்ப்ரஸரும் கச்சிதமாக வேலை செய்கின்றன, ஆனால் முகப்பு கண்ணுக்கு இனிமையில்லை. ஸ்பெக்ட்ரல் எடிட் என்ற பெயரில், அடித்தளத்தில் விழுந்த ஒற்றை ஹாரனை மட்டும் அலைவரிசை பார்த்து அமுக்கும் வசதி உண்டு. அவசரத்துக்கு உதவும், அதற்கென்றே இருக்கும் விலை உயர்ந்த கருவிகளின் பக்கத்தில் நிற்காது. 400 பக்கத்துக்கு மேல் போகும் கையேடு இலவசம், வீடியோப் பாடங்களும் தளத்திலேயே இருக்கின்றன, எல்லாம் ஆங்கிலத்தில்.

மாற்றுகளில் ஆடாசிட்டி முழுக்க இலவசம். ஒரே பதிவை வெட்டிச் சுத்தம் செய்ய அதுவே போதும், நாய்ஸ் ரிடக்ஷன் அதில் இன்னும் சுலபம். 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து எஃபெக்டுகளை ஓடும்போதே மாற்றவும் முடிகிறது. ஆனால் என்வலப் வால்யூமுக்கு மட்டும்தான். பஸ்ஸை இடமிருந்து வலம் நகர்த்தவோ, கதவு மூடும்போது இக்யூவை இறக்கவோ அந்த 3.x வரிசையில் கோடு கிடையாது. முதல் வாரம் ஆடாசிட்டியில் வெட்டிப் பழகிவிட்டு ரீப்பருக்கு வருவது நல்ல வழி. மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் அழகான மாற்று, 44.1 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது என்பது மட்டும் குறை. டாவின்சி ரிசால்வின் ஃபேர்லைட் பக்கம் வலுவானது, இலவசமும்கூட, ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பை மூச்சுத் திணற வைக்கும்.

வாங்குவது

சொந்த உபயோகத்துக்கும், ஆண்டு வருமானம் 20,000 டாலருக்குள் உள்ள தொழிலுக்கும் 60 டாலர். இந்திய மதிப்பில் 5,000 ரூபாயைத் தாண்டும். அதற்கு மேற்பட்ட வணிக உபயோகத்துக்கு 225 டாலர். இரண்டிலும் வசதிகள் ஒன்றே. 60 நாளுக்குப் பிறகும் திறக்கும், தொடக்கத்தில் நினைவூட்டும் பெட்டி ஒன்று வந்து சில நொடி காக்க வைக்கும். ஆனாலும் அந்த நாள் வந்ததும் வாங்கிவிடுங்கள். இவ்வளவு நேர்மையான விலை வைக்கும் ஒரு சிறு குழு பிழைத்திருக்க அதுதான் வழி.

டாலரில் செலுத்த வேண்டும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாகவே அணைந்திருக்கும். பேங்க் ஆப்பில் போய் முதலில் அதைத் திறந்துகொள்ளுங்கள். இப்போது வாங்கும் உரிமம் 8.99 பதிப்பு வரை செல்லும். சாவி ஒரு சிறு கோப்பாக வரும், இன்டர்நெட் ஆக்டிவேஷன் கிடையாது. சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத மாணவர்கள் இன்ஸ்டால் செய்யும்போது போர்ட்டபிள் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டால், கல்லூரி லேப் கம்ப்யூட்டரிலும் தங்கள் செட்டிங்ஸோடு அப்படியே திறக்கலாம். ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் அதே டிரைவில் வைத்து, இன்னொரு நகலை வேறெங்காவது வையுங்கள்.